தாங்குதண்டின் உட்புறம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளும் சிலம்பும் கம்பனும் முழங்கக் கேட்டு மகிழ்ந்து வருகிறோம். அப்பொருள்களில் பேசத் தகுந்தவர்கள் இவ்வவையில் பலர் உளர். இம்முறை செயலாளர் அவர்கள், "இளைஞர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுக" என்று பணித்தார்கள். இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் எஞ்சினைப் பற்றிப் பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாமோ ஆகாய விமானத்தைத் தேர்ந்துகொண்டோம். விமானம் முழுவதையும் அன்று. பழைய சிறு விமானம் ஒன்றின் இறக்கைகளைத் தாங்கி நிற்கும் நான்கு குழாய்களை மட்டுமே எடுத்துக்கொண்டோம். தேய்ந்த குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுகிறார்களே, அந்த வேலையே இன்றைய பொருள். இத்துணைச் சிறிய செய்திக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இம்மேசைமீது ஓர் இரும்புக் குழாய்த்துண்டு இருப்பதைக் காண்கிறீர்கள். நம் குடியிருப்பில் அண்மையில் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது வேண்டாமென்று கழித்த துண்டு இது. வெளியே பச்சை வண்ணம் பூசியிருக்கிறது. வண்ணம் எங்கும் உரியவில்லை. பார்க்கப் புதுக்குழாய் போலவே இருக்கிறது. இதன் மறுபக்கத்தைப் பிறகு காட்டுவோம். இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்.

நாம் எடுத்துக்கொண்ட விமானத்தின் பெயர் பைப்பர் கப். 'கப்' என்றால் குட்டி. கரடிக்குட்டி, சிங்கக்குட்டி என்கிறோமே, அந்தக் குட்டி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்போர்டு என்னும் ஊரில் எண்ணெய்க் கிணறு வணிகம் செய்துவந்த வில்லியம் பைப்பர் என்பவர், நொடித்துப் போன ஒரு சிறு விமானத் தொழிற்சாலையின் உடைமைகளை 1930-ஆம் ஆண்டில் மிகச் சொற்ப விலைக்கு வாங்கினார். விமானத்தை வரைந்தவர் டெய்லர் என்னும் பொறியாளர். பின்னர் இருவரும் பிரிந்தனர். 1937-இல் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. பைப்பர் மனம் தளராமல் அதே மாநிலத்து லாக் ஹேவன் என்னும் ஊரில் மூடிக்கிடந்த ஒரு பட்டு ஆலையை வாங்கி, அங்கே மீண்டும் தொழிலைத் தொடங்கினார். நாம் பேசப்போகும் ஜே-3 என்னும் வகை அங்கிருந்துதான் பல்லாயிரக்கணக்கில் வெளிவந்தது. 1947-இல் அதன் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 20,000 விமானங்கள் செய்யப்பட்டிருந்தன. மஞ்சள் உடல், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டாம் உலகப் போரில் இராணுவப் பச்சை பூசிக்கொண்டு, 'வெட்டுக்கிளி' என்னும் பெயரோடு பீரங்கிப் படைக்கு வேவு பார்த்ததும் இதே விமானந்தான்.

எளிமையே இதன் சிறப்பு. வெற்று எடை ஏறத்தாழ 350 கிலோ. ஆள், எண்ணெய் எல்லாம் ஏற்றி 550 கிலோவுக்கு மேல் பறக்கலாகாது. 65 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 35 அடி. உடல் எஃகுக் குழாய்களை ஒட்டவைத்துச் செய்த கூடு. அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியின்மேல் 'டோப்' என்னும் பூச்சு. இருக்கைகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. தனியே பறப்பவர் பின்னிருக்கையில் அமர்ந்துதான் ஓட்டவேண்டும். கதவு வலப்பக்கத்தில் மட்டும்; அதுவும் மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகத் திறப்பது. கோடையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பறப்பார்களாம். அப்படிப் பறப்பவரின் கண்ணெதிரே, கையெட்டாத் தொலைவில், நாம் பேசும் தாங்குதண்டு சாய்வாக நிற்கும்.

நம் நாட்டிலும் இவ்வகை அமைப்புக்கு உறவுண்டு. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை கட்டிய 'புஷ்பக்' என்னும் இரண்டு இருக்கை விமானம் 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. அதற்கும் மேலிறக்கை; அதற்கும் துணிப்போர்வை; அதற்கும் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் தாங்குதண்டுகள். நம் நாட்டுப் பறக்கும் கழகங்கள் பலவற்றில் இளைஞர்கள் பயின்றது அந்தப் புஷ்பக்கில்தான். ஆயினும் தாங்குதண்டைப் பற்றிய ஆணைகளும் வழக்குகளும் பெருகிக் கிடப்பது பைப்பர் விமானங்களைச் சுற்றியே ஆதலால், அதனையே எடுத்துக்கொண்டோம்.

தாங்குதண்டு என்பது யாது? பட்டறையில் 'ஸ்ட்ரட்' என்பார்கள். நம் குடியிருப்பு வீடுகளின் சன்னலுக்கு மேலே தகரச் சாய்ப்பு இருக்கிறதே, அதன் நுனியிலிருந்து சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஓர் இரும்புக் கம்பி சாய்வாக வந்து ஊன்றியிருக்கிறதே, அதுபோன்றதொரு அமைப்பு. விமானத்தில் இறக்கை உடலின் மேலே இருக்கிறது. இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு எஃகுக் குழாய்கள், முன்னொன்றும் பின்னொன்றுமாக, கீழே உடலின் அடிப்பகுதியை நோக்கி இறங்கி நெருங்கி வருகின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேற்புறம் அகன்று கீழ்ப்புறம் கூடும் கவண்கட்டை போன்ற வடிவம். இறக்கைக்குள் நீளவாக்கில் இரண்டு உத்தரங்கள் உண்டு. முன் தண்டு முன் உத்தரத்தைப் பிடித்திருக்கும். பின் தண்டு பின் உத்தரத்தை.

சாய்ப்புக் கம்பிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சாய்ப்புக் கம்பி தகரத்தின் பாரத்தால் அழுந்துகிறது. விமானம் தரையில் நிற்கும்போது தாங்குதண்டும் அப்படித்தான். ஆனால் பறக்கத் தொடங்கியதும் கதை தலைகீழாகிறது. இறக்கை மேலெழ விரும்புகிறது. உடல் கீழே தொங்குகிறது. தண்டு இரண்டுக்கும் நடுவே இழுபடுகிறது. சாய்ந்து நிற்பதால் இழுவிசை, அது தாங்கும் பாரத்தைவிட மிகுதி. 30 பாகைச் சாய்வில் நிற்பதாகக் கொண்டால் சரியாக இருமடங்கு. ஒரு பக்கத்து இணை 250 கிலோவைத் தாங்குவதாக வைத்துக்கொண்டால், அவ்விணையின் இழுவிசை 500 கிலோ. விமானி 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் வளைந்து திரும்பினால் பாரம் இரட்டிக்கிறது. இழுவிசை 1,000 கிலோவாகிறது. இதில் பெரும்பங்கு முன் தண்டைச் சேரும். இறக்கையின் அடியில், உடலோடு அது சேரும் இடத்தில், உத்தரத்துக்கு ஒன்றாக இரண்டு மரையாணிகள்தாம் உள்ளன. கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் அவை. தாங்குதண்டு அறுந்தால் இறக்கை கீலின்மேல் மடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்துணைப் பொறுப்பைச் சுமக்கும் அக்குழாயின் சுவர்க் கனம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

இனி அதன் நோயைப் பற்றிச் சொல்வோம். பழைய தண்டுகள் முற்றிலும் மூடப்பட்டவை அல்ல. குழாய்க்குள் ஈரக்காற்று புகும். இரவில் குளிர, அக்காற்றிலுள்ள நீராவி உட்சுவரில் முத்து முத்தாகக் கோக்கும். குளிர்ந்த சொம்பின் புறத்தே நீர்த்துளி கோப்பதைத் தாய்மார்கள் அறிவர். இங்கே துளி அகத்தே கோக்கிறது. துளிகள் திரண்டு வழிந்து தண்டின் கீழ்முனையை அடைகின்றன. அங்கே தூசும் துருப்பொடியும் சேர்ந்து வழியை அடைத்துக் கொள்கின்றன. நீர் தங்குகிறது. துரு உள்ளிருந்து வெளியே தின்று வருகிறது. ஓர் ஆண்டில் நிகழ்வதன்று. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளில் நிகழ்வது. வெளியே மஞ்சள் வண்ணம் பளபளக்கும். ஒவ்வோர் ஆண்டும் துடைத்து மெருகேற்றுவார்கள். கதவைத் திறந்து வைத்துப் பறக்கும் விமானி நாள்தோறும் அதனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்ப்பது வண்ணத்தை மட்டுமே.

அமெரிக்க மத்திய வான்போக்குவரத்து ஆணையம் இதனைக் கருதி 1993-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. 1999-இல் அதனைத் திருத்தி வேறோர் ஆணை. 2015-இல் மீண்டும் ஒன்று. தண்டின் உட்புறம் துருப்பிடித்தாலோ அதன் கீழ்முனைக் கவையில் விரிசல் கண்டாலோ, பறக்கும்போதே இறக்கை பிரிந்து போகக்கூடும் என்பதே அவ்வாணைகள் கூறும் காரணம். சட்டத்தின் நடை எந்நாட்டிலும் வறண்டதுதான். ஆயினும் 'இறக்கை பிரிதல்' என்னும் அவ்விரு சொற்களைப் படித்தபோது நாம் ஏட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தோம்.

ஆணை கூறும் சோதனை விந்தையானது. இருபத்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை தண்டின் கீழ்ப்பகுதியைச் சோதிக்க வேண்டும். எதைக்கொண்டு? விமானத்தின் துணி நைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட மவுல் கருவி என்று ஒன்று உண்டு. உள்ளே வில்சுருள் வைத்த ஓர் ஊசிமுனைக் கருவி. அதே துணிக்கருவியை எஃகுக் குழாயின்மேல் வைத்து, குறித்த விசையோடு அழுத்த வேண்டும். சிறிது தள்ளி மீண்டும் அழுத்த வேண்டும், இப்படியே வரிசையாக. நல்ல எஃகானால் ஊசி வழுக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே அரித்துப்போன இடமானால் சிறு குழி விழும். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு குழி விழுந்துவிட்டாலும் போதும். அத்தண்டு கழிக்கப்பட வேண்டும். துணியைக் குத்தும் கருவிக்கு எஃகு இடங்கொடுத்தது என்றால் அது எஃகாக இருந்த காலம் போய்விட்டது என்று பொருள். ஒலியலையைச் செலுத்திச் சுவர்க் கனத்தை அளக்கும் முறையும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இரயில்வேக் குடும்பங்களுக்கு இது புதுமையன்று. வண்டி வந்து நின்றதும் நெடிய பிடிபோட்ட சுத்தியலால் சக்கரந்தோறும் தட்டிக்கொண்டு போவார்களே, அந்த ஓசை நம் தந்தையர் காலத்து நிலையங்களில் கேட்ட ஓசை. இன்று தண்டவாளத்தின் உள்விரிசலைக் காண ஒலியலைக் கருவியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். கண்ணை நம்பாதே என்பதுதான் இரண்டு துறைக்கும் பொதுவான பாடம்.

சோதனையில் தேறிய தண்டுக்கு உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டு மீண்டும் பூட்டலாம். அப்படியானால் இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே காலம் தள்ளலாமே, புதுத்தண்டு எதற்கு என்று கேட்கலாம். விமானம் வைத்திருப்போர் எல்லோரும் செல்வர்கள் அல்லர். பழைய கப் விமானத்தைப் பேணுகிறவர்களில் ஓய்வூதியக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. நான்கு தண்டுகளின் விலை அவர்களுக்குச் சிறுதொகை அன்று. இருமுனையும் பற்றவைத்து மூடி, உட்புறத்துக்குக் காப்புச் செய்த தண்டுகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றைப் பூட்டினால் தண்டுக்கான இருபத்து நான்கு மாதச் சோதனை வேண்டியதில்லை என்று ஆணையே விலக்களிக்கிறது. நம் கருத்தைக் கேட்டால், பணத்தைச் சேர்த்தாவது மூடிய தண்டுகளையே வாங்கவேண்டும் என்போம். ஒரு பக்கத்துத் தண்டில் குழி விழுந்தால் மறு பக்கத்தையும் மாற்றிவிட வேண்டும் என்போம். ஒரே நாளில் பிறந்து, ஒரே மழையில் நனைந்து, ஒரே கொட்டகையில் நின்றவை அல்லவா? ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கு வராது என்று எண்ணுவது நமக்கு ஒப்பவில்லை.

இனிப் பூட்டும் வேலைக்கு வருவோம். இதுவே நாம் பேசவந்த பொருள்; இதுகாறும் சொன்னது பாயிரம்.

முதல் விதி, இறக்கைக்கு ஊன்று கொடுக்காமல் ஓர் ஆணியையும் தொடலாகாது. தண்டைக் கழற்றினால் இறக்கை கீலின்மேல் தொங்கி விழுந்து, வேர்ப்பகுதி உடைந்து போகும். ஆகவே உறுதியான முக்காலியை வைத்து, அதன்மேல் பஞ்சணை இட்டு, இறக்கையின் உத்தரம் ஓடும் இடத்துக்கு நேர்கீழே ஏந்தவேண்டும். துணியின் வெற்றிடத்தில் ஏந்தினால் கிழியும். விலாச் சட்டத்தில் ஏந்தினால் நொறுங்கும். ஏந்தும் அளவு மிகைபடவும் கூடாது, குறைபடவும் கூடாது. ஆணியின்மேல் பாரம் இல்லாதபடி, இறக்கை தன் இயல்பான நிலையில் மிதப்பதுபோல் நிற்கவேண்டும். அப்போதுதான் ஆணி விரலால் தள்ளினாலும் வெளிவரும். சுத்தியலால் அடித்தால்தான் வரும் என்ற நிலையில், குற்றம் ஆணியினுடையது அன்று, ஏந்தியவனுடையது. பாரத்தோடு நிற்கும் ஆணியை அடிப்பவன் துளையைக் கெடுக்கிறான்.

அடுத்து, கழற்றும் முன் அளக்கவேண்டும். பின் தண்டின் கீழ்முனையில் கவை ஒன்று மரையிட்டுத் திருகப்பட்டிருக்கும். அதனை உள்ளே திருகினால் தண்டின் நீளம் குறையும்; வெளியே திருகினால் கூடும். ஆகவே மேலாணித் துளையின் நடுவிலிருந்து கீழாணித் துளையின் நடுவரை உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வெளியே தெரியும் மரைகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும். புதுத்தண்டை அதே நீளத்துக்குத் திருகி வைத்துக்கொண்டு, பிறகுதான் பழையதில் கைவைக்கவேண்டும். அவசரக்காரன் நான்கு தண்டுகளையும் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, எது இடம் எது வலம் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். ஒரு நேரத்தில் ஒரு தண்டு என்பதே நல்லோர் வழக்கம்.

அந்தக் கவையைப் பற்றி இரண்டு சொற்கள். மரையை இருவகையில் ஆக்கலாம். உளியால் வெட்டி ஆக்குவது ஒன்று. அச்சுக்கிடையே உருட்டி அழுத்தி ஆக்குவது மற்றொன்று. வெட்டிய மரையின் அடிப்பள்ளம் கூர்மையானது. விரிசல் அங்கேதான் தொடங்கும். உருட்டிய மரையில் உலோகம் அறுபடுவதில்லை, அழுந்தி இறுகுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆணைகள் தண்டை மட்டுமன்றிக் கவையையும் சேர்த்துப் பேசுவது இதனால்தான். புதுத்தண்டு வாங்கிவிட்டுப் பழைய கவையையே திருகுவது சிக்கனம் அன்று. கவையின் மரை தண்டினுள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்க வேண்டும் என்று தயாரிப்போர் அளவு குறித்திருப்பார்கள். நீளம் போதவில்லையே என்று அவ்வளவைத் தாண்டி வெளியே திருகுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

ஆணிகள் எல்லாம் விமானத்துக்கென்றே செய்த ஆணிகளாய் இருத்தல் வேண்டும். கடைவீதியில் எடைபோட்டு விற்கும் ஆணி பார்வைக்கு ஒத்திருக்கும், வலுவில் ஒவ்வாது. ஆணியின் மரையில்லாத வழுவழுப்பான பகுதிதான் துளைக்குள் நின்று பாரம் தாங்க வேண்டும். மரை துளைக்குள் புகலாகாது. ஆணியின் தலை மேல்நோக்கியோ முன்நோக்கியோ இருக்குமாறு போடுவது மரபு. காரணம் எளிது: ஒருகால் நட்டுக் கழன்று போனாலும் ஆணி தன் எடையாலேயே இடத்தில் நிற்கும். நட்டு கழலாமல் ஸ்பிலிட் பின் குத்தி மடக்கவும் வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அரைக்காசு பெறாத அந்தக் கம்பியில் மிச்சம் பிடிக்கும் மனத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்வதென்று தெரியவில்லை.

பழைய தண்டு வெளிவந்ததும், அது பிடித்திருந்த உடற்பகுதிப் பூட்டுகளை விளக்கு வைத்துப் பார்க்கவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் வாய்ப்பு அது. துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா என்று பார்க்காமல் புதுத்தண்டைப் பூட்டுவது, புழுத்த நிலையில் புதுக்கதவு மாட்டுவது போலாகும்.

பெரிய தண்டுகளுக்கும் இறக்கைக்கும் நடுவே மெல்லிய துணைத்தண்டுகள் சில உண்டு. கழற்றிய தண்டைத் துடைத்து அடுக்கும் மும்முரத்தில் இவற்றை அற்பம் என்று எண்ணி மூலையில் எறிந்துவிடுவார்கள். மேலிருந்து காற்று இறக்கையை அமுக்கும்போது நீண்ட தண்டு வில்போல் வளையாதபடி நடுவே பிடித்து நிறுத்துவது அவைதாம். அவையும் தத்தம் இடத்தில் பூட்டப்பட்ட பின்பே வேலை முடிந்ததாகும்.

பூட்டியாயிற்று. இனி நேர்செய்தல். கொத்தனார் சுவர் எழுப்பும்போது கையாளும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இங்கேயும் கருவிகள். விமானத்தை முதலில் மட்டமாக நிறுத்தவேண்டும். விமானம் கோணலாக நிற்க, இறக்கையை மட்டும் நேர்செய்ய முனைவது வீண். பிறகு இறக்கையின் நுனிப்பகுதியில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். இறக்கை முழுவதும் ஒரே சாய்வாக இருக்காது. வேர்ப்பகுதியைவிட நுனிப்பகுதி சற்றே தலைதாழ்ந்து, அதாவது பின்விளிம்பு சற்று மேலெழுந்து முறுக்கியிருக்கும். விமானம் வேகம் குறைந்து தாங்குசக்தி இழக்கும் வேளையில், வேர்ப்பகுதி முதலில் இழக்கவேண்டும். நுனி கடைசிவரை பறந்துகொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் விமானம் ஒருபக்கமாகச் சரிந்து சுழலாமல், மூக்கைத் தாழ்த்தி அமைதியாக இறங்கும். இந்த முறுக்கை அமைப்பது பின் தண்டின் கவை. ஒரு சுற்று வெளியே திருகினால் பின் உத்தரம் மேலெழும், முறுக்கு கூடும். உள்ளே திருகினால் குறையும். ஒவ்வொரு முறையும் ஆணியைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருகி, மீண்டும் ஆணியைப் பூட்டி, மட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி கழற்றி — பொறுமையில்லாதவர்க்கு இவ்வேலை ஆகாது.

மெக்கானிக்கின் கைவேலை இங்கே முடிய, நம் போன்றோரின் வேலை தொடங்குகிறது. பள்ளியிறுதிப் படிப்போடு நின்று இருபதாண்டுக்கு மேலாகப் பதிவேடுகளோடு வாழும் நமக்கு, இவ்விமானக் கதையில் உள்ளம் ஒட்டிய இடம் இதுதான். எந்தத் தண்டு, எந்த எண், எந்த நாளில், எந்த ஆணையின்படி, யார் பூட்டினார், யார் சரிபார்த்தார் என்பதெல்லாம் விமானத்தின் பதிவேட்டில் ஏறவேண்டும். உரிமம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். அந்த வரி ஏறாதவரை, எவ்வளவு செம்மையாகப் பூட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவ்விமானம் பறக்கத் தகுந்ததன்று. வெறும் காகித வேலை என்று இளைஞர்கள் இதனை இகழ்வதுண்டு. அலுவலகத்தில் நம் காதுபடவே இகழ்ந்ததுண்டு. சற்று எண்ணிப் பாருங்கள். விமானம் கைமாறும். இருபதாண்டு கழித்து வாங்கும் ஒருவர், தம் மகனையோ மகளையோ முன்னிருக்கையில் அமர்த்திப் பறக்க விரும்புவார். குழாய்க்குள்ளே என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்கமுடியாது. மூடிய தண்டைத் துளைத்துப் பார்க்கவும் கூடாது; துளைத்தால் மூடிய தண்டு என்னும் தகுதி போயிற்று. அவர் பார்க்கக்கூடியது அந்த ஏட்டின் ஒரே ஒரு வரியைத்தான். முகமறியாத ஒருவர்க்கு முகமறியாத ஒருவர் எழுதிவைத்த கடிதம் அது. அதில் பொய் எழுதுகிறவன் துருவைவிடக் கொடியவன்.

கழற்றிய பழைய தண்டுகளை என்ன செய்வது? அவற்றை அறுத்துத் துண்டாக்கிவிட வேண்டும் என்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். முழுதாக விட்டால், துடைத்து வண்ணம் பூசி யாரேனும் இன்னொரு விமானத்தில் பூட்டிவிடுவார்கள். இரயில்வேயிலும் கழித்த பொருளுக்குக் கழிவுக்குறி இடுகிறோம். கழிவுக்குறி இட்டது மீண்டும் ஓடும் பாதைக்குத் திரும்பலாகாது. அறுத்துப் பார்த்த தண்டுகளின் படங்கள் பல வெளிவந்துள்ளன. வெளியே பழுதற்ற மஞ்சள். உள்ளே செதில் செதிலாகப் பெயர்ந்த செந்துரு. ஓரிடத்தில் சுவரே காகிதம்போல் மெலிந்திருக்கும். நேற்றுவரை அதனை நம்பி வளைந்தும் திரும்பியும் பறந்தவர், அந்தத் துண்டைக் கையில் ஏந்தி நிற்கும்போது என்ன நினைப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

கடைசியாக வெள்ளோட்டம். காற்றில்லாத காலைப்பொழுதில், உடன் ஒருவரையும் ஏற்றாமல், விமானி தனியே எழும்புகிறார். போதிய உயரம் சென்றபின் நேராகப் பறக்கவிட்டு, ஓட்டுதடியிலிருந்து கையை எடுத்துப் பார்க்கிறார். விமானம் இடப்பக்கம் சாயத் தொடங்கினால் இட இறக்கை கனக்கிறது என்று பொருள். இறங்கிவந்து இடப்பின் தண்டைச் சிறிது உள்ளே திருகுவார்கள், அல்லது வலப்பின் தண்டைச் சிறிது வெளியே. திருகிய அளவும் ஏட்டில் ஏறும். மீண்டும் எழும்புவார். கையை எடுத்தபின்னும் அது நேரே போய்க்கொண்டிருந்தால், அன்றைக்கு அவ்வளவுதான்; கொட்டகைக்குள் தள்ளிவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாம்.

குழந்தைகளே, பொறுமையாக இருந்தீர்கள். இதோ அந்தத் தண்ணீர்க் குழாயைத் திருப்பிக் காட்டுகிறோம். நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறோம். பச்சை வண்ணத்துக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். இதே குழாயின் அறுக்காத இன்னொரு துண்டும், சிறு சுத்தியல் ஒன்றும் செயலாளர் அவர்களிடம் உள்ளன. ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு வந்து தட்டிப் பார்க்கலாம். எந்த இடத்தில் ஓசை மாறுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அடுத்து நடைபெறவிருக்கும் நாடகத்துக்குத் திரை கட்டும்வரை நேரமிருக்கிறது.